மீந்த சோறு யார் பொறுப்பு?

ஓட்டலோ மெஸ்ஸோ கேட்டரிங்கோ, சமையற்கட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்தவருக்கு முதல் சோதனை இரவு பத்தரை மணிக்கு வரும். மாஸ்டர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார். சப்ளையர்கள் மேசை துடைத்துக்கொண்டிருப்பார்கள். முதலாளி கல்லாவை எண்ணிக்கொண்டிருப்பார். அரை அண்டா வெஜ் பிரியாணியும் ஒரு தேக்சா வெள்ளைச் சோறும் யார் கணக்கிலும் சேராமல் நிற்கும். வைப்பதா, கொட்டுவதா? சொல்லவேண்டிய ஆள் இனி நீங்கள்.

மோந்து பார்த்து முடிவுசெய்வது நம் சமையற்கட்டுகளின் வழக்கம். வாடை வந்தாலோ, தொட்டால் நூல் விட்டாலோ ஊசிப்போயிற்று. இரண்டும் இல்லையென்றால் நல்ல சோறு. இந்தக் கணக்கு பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவிடம் செல்லாது. அரிசியோடு வரும் அதன் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சுக்கு வாடை கிடையாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. ஆகவே, ‘காலையில் நல்லா சூடு பண்ணிடலாம்’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

இதைக் கவனிக்கவைத்ததே ஃப்ரைடு ரைஸ்தான். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தியெடுத்தார்கள். குளிரவைத்தால் ஒட்டிக்கொள்ளும், வறுக்கும்போது உதிராது என்று வேகவைத்த சோற்றை இரவு முழுக்க வெளியிலேயே வைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. நம் ஊர் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளிலும் மதியம் வடித்த சோறு சாயங்காலம்வரை கூடையில் காத்திருப்பதைப் பார்க்கலாம்.

எனவே மூக்கை நம்பாதீர்கள். கடிகாரத்தையும் தெர்மாமீட்டரையும் நம்புங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்டரிங் ஆய்வுக்கு வைத்திருக்கும் பட்டியல் தெளிவாகச் சொல்கிறது: எளிதில் கெடும் சமைத்த உணவு 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்தில் இறங்கவேண்டும், அடுத்த இரண்டு மணி நேரத்தில் 5 டிகிரிக்கு வரவேண்டும். அண்டாவில் இது நடக்கவே நடக்காது. மேலே தொட்டால் ஆறியிருக்கும். கரண்டியை அடிவரை விட்டால் ஆவி வரும். நடுவிலுள்ள சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். அண்டாவை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளினால் பக்கத்திலிருக்கும் பாலும் சேர்ந்து சூடாகும்.

ஆற வைப்பதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. அகலமான எவர்சில்வர் ட்ரேக்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். பெரிய ட்ரேயில் ஐஸ் கொட்டி அதன்மேல் சோற்று ட்ரேயை வைத்தால் இன்னும் வேகமாக ஆறும். சுத்தமான கரண்டியால் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஆவி அடங்கும்வரை இறுக்கி மூடாதீர்கள். மூடியில் வேர்க்கும் தண்ணீர் திரும்பச் சோற்றில்தான் விழும். வெண்பொங்கல், சாம்பார் சாதம் போலக் குழைந்தவை வெள்ளைச் சோற்றைவிட மெதுவாக ஆறும். அவற்றை இன்னும் மெல்லிசாகப் பரப்பவேண்டும். ஃப்ரிட்ஜில் ஏற்றும்போது ட்ரேயில் டேப் ஒட்டி, சமைத்த நாளும் மணியும் எழுதுங்கள். ‘நேத்து வெச்சதுதாண்ணே’ என்ற வாய்மொழிக்கு அங்கே இடம் வேண்டாம். பிரிட்டன் உணவுத் தர அமைப்பு வீடுகளுக்கே ஒருநாள்தான் அனுமதிக்கிறது. கடையில் அதைத் தாண்டாதீர்கள்.

மறுபடி சூடாக்கும்போது சோற்றின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டு இரண்டு நிமிடம் நிற்கவேண்டும். வெந்நீர் தெளித்துக் கிளறும் குறுக்குவழியை எஃப்எஸ்எஸ்ஏஐ பட்டியல் பெயர் சொல்லித் தடுக்கிறது. ஒருமுறை சூடாக்கியது மீந்தால் குப்பைக்குத்தான். பழையதைப் புதிய அண்டாவின் அடியில் போட்டு மேலே புதுச்சோறு மூடும் கைங்கரியத்தை யார் செய்தாலும் நிறுத்துங்கள்.

எல்லாச் சோறும் ஒன்றல்ல. புளியோதரைக்குப் புளியும் நல்லெண்ணெயும் காவல். தேங்காய் சாதம் சீக்கிரம் கெடும். பந்திக்குப் போகும் தயிர்சாதம் ஏமாற்றக்கூடியது. புளிக்கக்கூடாதென்று தயிரைக் குறைத்துப் பாலை ஊற்றுகிறோம், காவலிருந்த புளிப்பும் குறைகிறது. பழைய சோறு மட்டும் எப்படி என்று மாஸ்டர் கேட்பார். தண்ணீரில் ஊறிப் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் கெட்ட கிருமிகளை அடக்குகிறது. மூடிவைத்த பிரியாணிக்கு அந்த வாய்ப்பில்லை.

மாஸ்டரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? இருபது வருடம் கரண்டி பிடித்தவரிடம் பாக்டீரியா வகுப்பு எடுக்காதீர்கள். தெர்மாமீட்டரை அண்டாவின் நடுவில் விட்டு, “மாஸ்டர், நீங்களே பாருங்க” என்று காட்டுங்கள். முதலாளியிடம் பணக்கணக்கு பேசுங்கள். தினமும் எத்தனை கிலோ மீந்தது, எத்தனை கிலோ கொட்டினோம் என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், எந்தக் கிழமையில் எத்தனை படி அரிசி குறைவாக உலையில் போடலாம் என்று அதுவே சொல்லும். சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்தால் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்பதையும், பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது ஏழாண்டுச் சிறை என்பதையும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவோடு, 56, 59 என்று, மரியாதையாக நினைவூட்டுங்கள். பரிமாறாத உபரியைக் கொடுக்க விரும்பினால் 2019-ல் வந்த உபரி உணவு விதிமுறைகள் வழி காட்டுகின்றன. ஆனால் கெடும் நேரத்தில் இருப்பதை ஆசிரமத்துக்கு அனுப்புவது தர்மமில்லை.

வேலையில் மேலே போக நினைப்பவர்கள் ஃபோஸ்டாக் எனப்படும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்கவேண்டும் என்கிறது எஃப்எஸ்எஸ்ஏஐ. சமைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் கிடைப்பார்கள். சான்றிதழும் ஒழுங்காக எழுதிய வெப்பநிலைப் பதிவேடும் கையில் வைத்திருப்பவர் கிடைப்பது அரிது. நேர்காணலுக்குப் போகும்போது அந்தப் பதிவேட்டின் நாலு பக்கத்தை, கடைப்பெயரை மறைத்து நகலெடுத்துக் கொண்டுபோங்கள்.

குச்சி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நொறுக்கிய ஐஸ் தண்ணீரில் விட்டால் பூஜ்யம் காட்டவேண்டும். காட்டினால் சரியாக இருக்கிறது. இந்த வாரமே முதலாளியிடம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் சொந்தக் காசில் வாங்கிவிடுங்கள்.