முத்தும் பயறும்

தென்பாண்டி நாட்டில், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த துறைமுக நகரம் தூத்துக்குடி. அதனை அடுத்த கடற்கரை முழுவதும் முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்றது. பாண்டியர்க்குரிய பழந்துறைமுகமாகிய கொற்கை இப்பகுதியில் இருந்ததேயாகும். கடலுக்கடியில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைப் பரப்பினைப் 'பார்' என்று இக்கரையார் வழங்குவர். பார் நிறையச் சிப்பி இருந்தாலும், எண்ணிய பொழுதெல்லாம் குளிப்போர் கடலில் இறங்குவதில்லை. முதற்கண் அரசாங்க அலுவலர் பார்களை ஆராய்வர். சிப்பிகள் சிலவற்றை எடுப்பித்துப் பிளந்து, முத்துகளின் அளவையும் விலையையும் மதிப்பிடுவர். சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்புக்கு நாள் குறிப்பர். இளஞ்சிப்பியாயின் கடலிலேயே விட்டு வைப்பர். 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்புகளே இக்கடலில் இறுதியாக நடந்தவை. அத்தொழில் நின்றுவிட்டது, ஆயினும் அது கற்பித்த பாடம் நிற்கின்றது. முதிராத பொருளை அவசரப்பட்டு எடுப்பவன் இன்றைய பயனையும் இழப்பான். நாளைய பயனையும் இழப்பான் என்பதே அப்பாடம்.

கடலுக்குரிய இவ்வுண்மை நிலத்திற்கும் உரியது. தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரையைக் கடந்து உள்நாட்டிற் சென்றால் கரிசல் நிலம் தொடங்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த அம்மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும் இயல்புடையது. ஆறும் கால்வாயும் எட்டாத அந்நிலத்தில், வடகிழக்குப் பருவமழையை நம்பி, உளுந்தையும் பாசிப்பயற்றையும் உழவர் மானாவாரியாக விதைக்கின்றனர். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பயறு, மார்கழி, தையில் அறுவடைக்கு வரும். உளுந்துக்கு ஏறத்தாழ 65 முதல் 75 நாள் வயது. கரிசற் பயிர்களை ஆராய்வதற்கென்று 1901ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது என்பதிலிருந்தே இம்மண்ணின் சிறப்பு விளங்கும்.

பயற்றுக்குள் விதை முதிரும் முறை அறியத்தக்கது. பூ உதிர்ந்து காய் தோன்றிய பின்னர், இலைகள் சமைக்கும் சர்க்கரை முதலிய உணவுப் பொருள்கள், தண்டின் வழியாகக் காயினை அடைகின்றன. தாய் குழந்தைக்குப் பாலூட்டுவது போலச் செடி விதைக்கு உணவூட்டுகின்றது. நாளடைவில் விதையின் எடை பெருகி ஓர் எல்லையை அடையும். அந்நிலையில் தாய்ச்செடிக்கும் விதைக்கும் உள்ள தொடர்பு அறுகின்றது. இதனை வினையியல் முதிர்ச்சி என்பர் வேளாண் அறிஞர். அதற்குப் பின் விதை செடியில் இருப்பது ஈரம் வற்றி உலர்வதற்கேயன்றி, வளர்வதற்கு அன்று.

நெல்லைப் போலப் பயறு ஒரே நாளில் முதிர்வதில்லை. ஒரே உளுந்தஞ்செடியில் அடியில் கறுத்த காயும், நடுவில் பச்சைக் காயும், நுனியில் பூவும் ஒருங்கே காணப்படும். முன்னாளில் முதிர்ந்த காய்களை இரண்டு மூன்று முறை கையாற் பறித்தனர். அன்றிச் செடியைப் பிடுங்கிக் களத்திற் பரப்பி, நன்றாக உலர்ந்தபின் தடியால் அடித்தும் மாடு கட்டி மிதித்தும் மணியைப் பிரித்தனர். இவ்வேலைக்கு ஆட்கள் மிகுதியாக வேண்டும். இக்காலத்தில் ஆள் கிடைப்பது அரிது. கிடைப்பினும் கூலி மிகுதி. அதனால் அறுவடை இயந்திரம் வயலுக்கு வந்தது. இயந்திரத்திற்கோ உலர்ந்த செடி வேண்டும். பச்சை இலையும் களையும் அதன் பற்களிற் சிக்கினால் வேலை தடைப்படும். பச்சைச் சாறு மணியிற் பட்டுக் கறையும் ஏறும்.

இதனோடு மழை அச்சமும் சேர்கின்றது. முற்றிய காய் நனைந்தால் மணி நிறம் கெடும். செடியிலேயே முளைத்தும் விடும். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18ஆம் நாள்களில் பெய்த பெருமழையை இம்மாவட்டத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பல மாத உழைப்பு ஒரு நாளில் அழியக் கண்டவன், 'எப்படியாவது விரைவாக அறுத்துவிட வேண்டும்' என்று எண்ணுவதில் வியப்பில்லை. அவன் அவசரத்தைப் பழித்தல் எளிது. அவன் துன்பத்தை உணர்ந்து வழி கூறுதலே அறிவுடையார் கடன்.

அறுவடைக்குச் சில நாள்களுக்கு முன் களைக்கொல்லி மருந்தைப் பயிரின்மேல் தெளித்துச் செடியை உலரச் செய்யும் வழக்கம், இத்தகைய அவசரத்தினின்றே பிறந்தது. இதற்குப் பயன்படும் மருந்துகள் இருவகைப்படும். பட்ட இடத்தை மட்டும் எரிப்பன ஒருவகை. பாராகுவாட், டைகுவாட் என்பன அவ்வகையைச் சார்ந்தவை. இலையின் வழியே நுழைந்து செடி முழுவதும் பரவுவன மற்றொரு வகை. கிளைபோசேட் அவ்வகையைச் சார்ந்தது.

கிளைபோசேட்டின் செயல் நுட்பமானது. செடி தன் வளர்ச்சிக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களை ஆக்குதற்கு உதவும் நொதி ஒன்றினை அது தடுக்கின்றது. அதனாற் செடி மெல்ல மெல்ல வாடி இறக்கும்; அதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே விரைந்து உலர்த்துதற்கு இது ஏற்ற மருந்தும் அன்று. இலையிற் பட்ட மருந்து சர்க்கரையோடு கலந்து, சர்க்கரை செல்லும் வழியிலேயே செல்லும். சர்க்கரை எங்கே செல்லும்? வேர்நுனிக்கும், தளிருக்கும், நிரம்பிக் கொண்டிருக்கும் விதைக்குமே செல்லும். தாய் ஊட்டும் பாலோடு நஞ்சும் கலந்து குழந்தையின் வாயிற் புகுவது போன்றது இது. விதை முதிர்ந்து தாய்ச்செடியின் தொடர்பு அறுந்த பின் தெளித்தால், உட்புகும் மருந்து மிகக் குறையும். முதிர்வதற்கு முன் தெளித்தால் மருந்து விதைக்குள் தங்கிவிடும்.

இதனால் விளையும் தீங்குகள் இரண்டு. முதலாவது கண்ணுக்குப் புலப்படும். உணவு வரவு நின்றுபோன இளமணிகள் சுருங்கிச் சிறுத்துப் பச்சை நிறத்தோடு நின்றுவிடும், எடை குறையும். இரண்டாவது கண்ணுக்குப் புலப்படாதது. பெரும்பாலும் நிரம்பிய மணிகள் பருத்துப் பளபளப்பாகவே தோன்றும். வணிகனும் குறை காணான். ஆனால் அவற்றை விதைத்துப் பார்த்தால் முளை வேர் குட்டையாகவும் தடித்தும் இருக்கும், பக்கவேர்கள் தோன்றா, குருத்து வெளிறி நிற்கும். பட்டாணி, அவரையினம், சோயா ஆகிய பயறுகளில் நடத்திய ஆய்வுகளில் இத்தகைய இயல்பற்ற நாற்றுகள் காணப்பட்டன. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்னும் பழமொழி இங்கே வேறொரு பொருளிலும் மெய்யாகின்றது.

பட்ட இடத்தை எரிக்கும் மருந்துகள் விதைக்குள் அவ்வளவாகப் பரவுவதில்லை. எனினும் காலத்திற்கு முன் தெளித்தால் இலைகள் ஓரிரு நாளில் கருகி, மணிக்கு உணவு வருவது நின்றுவிடும். உலர்ந்த காய்கள் வெடித்து மணி சிதறுவதும் உண்டு. பாராகுவாட் மனிதர்க்கும் கொடிய நஞ்சு. உட்கொண்டால் அதனை முறிக்கும் மாற்று மருந்து இல்லை.

இச்செய்தி உள்நாட்டு வயல்களோடு முடிவதன்று. உலகில் பருப்பு வகைகளை மிகுதியாக விளைவிப்பதும், உண்பதும், வெளியிலிருந்து வாங்குவதும் இந்தியாவே. கரிசற் பயறு விற்பனைக்கு வந்து சேரும் அதே தூத்துக்குடியில், கடல் கடந்த பருப்பும் கப்பலிலிருந்து இறங்குகின்றது. உளுந்து பெரும்பாலும் மியான்மர் நாட்டிலிருந்தும், பட்டாணியும் மசூரும் கனடா முதலிய குளிர்நாடுகளிலிருந்தும் இந்தியாவிற்கு வருகின்றன. கனடாவில் கோடை குறுகியது. பனி விழுமுன் அறுவடை முடிய வேண்டும். ஆகவே அங்கே அறுவடைக்கு முன் களைகளை அழிக்கக் கிளைபோசேட் தெளிக்க ஒப்புதல் உண்டு. ஆனால் அதற்கு நெறிகளும் உண்டு. மணியின் ஈரம் நூற்றுக்கு 30 பங்குக்குக் கீழ் இறங்கிய பின்னரே தெளித்தல் வேண்டும். விதைக்கென்று வளர்க்கும் பயிரில் தெளித்தல் ஆகாது. உண்பதற்குரிய மணிக்கு ஒரு நெறியும், விதைப்பதற்குரிய மணிக்கு அதனினும் கடுமையான நெறியும் வகுத்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. 2018ஆம் ஆண்டு அக்டோபரில், இறக்குமதியாகும் பருப்புகளில் கிளைபோசேட் எச்சம் உள்ளதா என்று சோதிக்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்டது. மசூருக்கும் உலர்பட்டாணிக்கும் பன்னாட்டு உணவு நெறிமுறை வகுத்த எல்லை, கிலோ ஒன்றுக்கு 5 மில்லிகிராம் ஆகும்.

இந்திய மண்ணிலும் இச்சிக்கல் எழுந்தது. மத்தியப் பிரதேசத்தில், நருமதை ஆற்றை ஒட்டிய நருமதாபுரம், ஹர்தா ஆகிய மாவட்டங்களில் கோதுமை அறுவடைக்குப் பின் கோடைப் பாசிப்பயறு விளைவிக்கின்றனர். ஜூன் மாத மழை தொடங்குமுன் பயற்றை அறுத்து, அடுத்த பயிருக்கு நிலத்தை ஒழிக்க வேண்டும். அவ்வவசரத்தில் களைக்கொல்லியைத் தெளித்துப் பயற்றை உலர்த்தும் பழக்கம் பரவியது. 2025ஆம் ஆண்டு, அப்பயறு உண்பார்க்குத் தீங்கு பயக்கும் என்று கூறி, அதனைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்க அம்மாநில அரசு தயங்கியது. உழவர் முறையிட்ட பின்னரே கொள்முதலுக்கு இசைந்தது. ஒருவாரம் மிச்சமாக வேண்டும் என்று தெளித்த மருந்து, விளைந்த பயற்றின் நற்பெயரையே ஐயத்திற்கு உள்ளாக்கிவிட்டது. இதற்கு முன்னரே, 2022ஆம் ஆண்டில், கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரே கையாளுதல் வேண்டும் என்று இந்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருந்தது.

உண்ணும் மணி கெட்டால் ஒரு வேளை உணவு கெடும். விதை மணி கெட்டால் ஓர் ஆண்டு கெடும். கரிசற் காட்டு உழவர் பலர், தம் விளைச்சலில் ஒரு பகுதியையே அடுத்த ஆண்டுக்கு விதையாக எடுத்து வைக்கின்றனர். ஏக்கர் ஒன்றுக்கு உளுந்து விதை ஏறத்தாழ 8 கிலோ வேண்டும். நூறு விதையின் எடை 4 முதல் 5 கிராம் ஆதலின், ஏக்கருக்கு 1,60,000 விதைகளுக்குக் குறையாமல் மண்ணில் விழும். சான்று பெற்ற உளுந்து விதையில் நூற்றுக்கு 75 முளைத்தல் வேண்டும் என்பது இந்திய விதைச் சான்று நெறி. முளைப்பு 50 ஆகக் குறைந்தால் 40,000 செடிகள் தோன்றாமலே போகும். பாசன நிலமாயின் மறுபடியும் விதைக்கலாம். மானாவாரி நிலத்தில் விதைப்பு மழை தவறினால் அப்பருவம் தவறியதேயாகும். விதை பழுதென்று உழவன் அறியும் பொழுது, மழையும் போயிருக்கும்; நாளும் போயிருக்கும்.

இப்பழுதை விதைப்புக்கு முன்னரே அறிய எளிய வழி உண்டு. குவியலின் பல இடங்களிலிருந்தும் மணிகளை எடுத்துக் கலந்து, அவற்றில் நூறு மணிகளை எண்ணி, ஈரத்துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி வைத்தல் வேண்டும். துணி உலராதபடி நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். ஏழாம் நாள் பிரித்துப் பார்த்து எண்ணுதல் வேண்டும். இங்கே ஒரு கவனம் தேவை. தோல் வெடித்து முளை நீட்டியவை அனைத்தையும் நல்லவை என்று எண்ணுதல் பிழை. நேரிய வேரும் பக்கவேரும் திடமான தண்டும் உடையவற்றையே நல்ல நாற்றாகக் கொள்ளுதல் வேண்டும். வேர் குட்டையாயும் தடித்தும் நின்றவற்றைத் தனியே எண்ணி ஒதுக்குதல் வேண்டும். முத்துப்பாரினை ஆராய்ந்தவர் சிப்பியைப் பிளந்து பார்த்ததும் இதுவும் ஒரே அறிவின் இரு செயல்களாகும்.

நோய் அறிந்தபின் மருந்து கூறுதல் முறை. அறுவடையின் போது களை மிகுந்திருப்பதே மருந்தடிக்கத் தூண்டும் காரணங்களுள் ஒன்று. ஆதலால் விதைத்த முதல் மாதத்திற்குள் களை எடுத்துவிட்டால், கடைசி நாளில் களைக்கொல்லியை நாட வேண்டுவதில்லை. காய்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் முதிரும் உளுந்து வகைகளைப் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்டுள்ளது. இயந்திர அறுவடைக்கு அவை ஏற்றவை. செடியை அறுத்து வயலிலேயே இரண்டு மூன்று நாள் காயவிட்டுப் பின் கதிரடிக்கும் இயந்திரத்தில் இடுவதும் உண்டு. இவற்றுள் எது இயலாவிடினும் ஒன்று இயலும்: வயலில் ஒரு மூலையை விதைக்கென்று ஒதுக்கி, அங்கே மருந்து படாமற் காத்து, கறுத்த காய்களை மட்டும் கையாற் பறித்து உலர்த்தி வைத்தல். வீட்டிலுள்ளாரே ஒரு காலைப்பொழுதில் முடிக்கத்தக்க வேலை அது. மணியின் ஈரம் நூற்றுக்கு 9 பங்குக்கு மேற்படாமல் உலர்த்திச் சேமித்தால், அடுத்த புரட்டாசி வரை அவ்விதை உயிரோடிருக்கும்.

அறிவியல் தந்த மருந்துகள் அனைத்தும் தீயவை அல்ல. காலமும் அளவும் அறிந்து, மருந்துப் புட்டியின் சீட்டில் எழுதிய பயிருக்கும் பயனுக்குமே கையாண்டால் அவை உதவும். காலமறியாது கையாண்டால், உதவிய கையே ஊறு செய்யும். ஒரு வார அவசரத்திற்காக ஓராண்டின் விதையை இழப்பது அறிவாகாது. இளஞ்சிப்பியைக் கடலில் விட்டு வைத்த முத்துக்குளித்துறையார், கைக்கெட்டிய செல்வத்தைத் துறந்தவர் அல்லர். அது முத்தாகும் நாளுக்குக் காத்திருந்தவரே. கரிசல் நிலத்தில் ஒரு பிடி விதையை முதிரவிட்டுக் காப்பவனும் அவ்வாறு காத்திருப்பவனே. அவன் கையிலுள்ள அக்கருமணியும் ஒரு முத்தேயாகும். கடல் முத்து முளைப்பதில்லை, இம்முத்து முளைக்கும்.