உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

குளத்தூரிலும் சுற்றுப்பட்டிகளிலும் கன்னி, சிப்பிப்பாறை நாய்க்குட்டிகளை இளவட்டங்கள் ஆசையாக வாங்கி வளர்க்கிறீர்கள். காலையும் இடுப்பையும் பார்க்கிற நீங்கள் வாயைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. குட்டி வீட்டுக்கு வந்த வாரமே வாயில் கைவைத்துப் பழக்குங்கள். தடவிக் கொடுத்தபடியே கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். வளர்ந்தபின் தொடங்கினால் முரண்டு பிடிக்கும்.

2. பால்பல் 28. நாலாம் மாதவாக்கில் விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். பழைய கோரைப்பல் விழாமல் புதுசும் ஒட்டி முளைத்தால் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள்.

3. தினமும் தேய்ப்பது நல்லது. மெத்தென்ற பிரஷ் போதும், விரலில் சுற்றிய ஈரத்துணியும் போதும். மேல்தாடைக் கடைவாயின் வெளிப்பக்கத்தை விடாதீர்கள். எச்சில் குழாய் அங்கேதான் திறக்கிறது. பல்காரையும் அங்கேதான் முதலில் படியும். நாம் தேய்க்கிற பேஸ்ட் ஆகாது. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்டில் உள்ள சைலிட்டால் நாய்க்கு விஷம். உப்பு, சாம்பல், செங்கல்பொடி எதுவும் வேண்டாம்.

4. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தது. நமக்குப் பெருமைதான், நாய்க்கு வேண்டாம். பாகு பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும்.

5. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து ஈற்றிலும் தொண்டையிலும் குத்தும். கெட்டியான கால் எலும்பைக் கடித்தால் கடைவாய்ப்பல்லே பிளக்கும். கண்ணுக்குக் கீழே திடீரென்று வீங்கினால் உடைமுள் குத்திவிட்டது என்று மஞ்சளைப் பூசிவிட்டு இருந்துவிடாதீர்கள். மேல் கடைவாய்ப்பல்லின் வேர் கண்ணுக்குக் கீழேவரை போகிறது. வேரில் சீழ் கட்டினாலும் அங்கேதான் வீங்கும்.

6. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். வெளிறியே கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். ஈற்றில் மஞ்சள் தட்டினால் ஒருநாள்கூடத் தள்ளாதீர்கள். பிறவியிலேயே உள்ள கறுப்புத் திட்டுக்குப் பயப்பட வேண்டாம்.

7. இதை மட்டும் மறக்காதீர்கள். தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் நிற்கிற நாயைப் பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலவே தெரியும். கையை உள்ளே விடாதீர்கள். வெறிநோய் அப்படியும் வரும். கடியோ, கீறலில் எச்சிலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடாவருடம்.

8. நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும் என்பது தப்பு. பெரும்பாலும் ஈறு கெட்டால்தான் அப்படி நாறும். இறுகிய காரையைக் கத்தியால் சுரண்டாதீர்கள். மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் எடுக்கவேண்டிய வேலை அது. உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் முடியாதென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். மயக்க மருந்துக்கு முன் எத்தனை மணிக்குமேல் தீனி வைக்கக்கூடாது என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.