கால்வாய்க் கரையில் மிதிவண்டி

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் திருமயிலை இரயில் நிலையத்தை அடையலாம். அந்நிலையத்தின் பெருந்தூண்களுக்கு இடையே கருநிற நீர் தேங்கியும் தயங்கியும் கிடப்பதைக் காணலாம். அவ்வழியே செல்வோருள் பெரும்பாலோர் அதனைச் சாக்கடை என்றே எண்ணி, மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து கடப்பர். அது சாக்கடையாகப் பிறந்ததன்று. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமுக்கும் தமிழ்நாட்டின் மரக்காணத்துக்கும் இடையே, கடலை ஒட்டி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டிருந்த பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டே அது. அதன் நீரில் படகுகள் மிதந்தன. அதன் கரையில் படகை இழுப்போர் நடந்தனர்.

அக்கரைவழியைப் பற்றி இன்று எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டில் இத்தகைய பழங்கால்வாய்களின் கரைகள் பல, மிதிவண்டிப் பயணிகளுக்குரிய வழிகளாகிவிட்டன. அவ்வழிகளில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. ஊதொலி இல்லை, புகை இல்லை, பின்னால் என்ன வருகிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் அச்சமும் இல்லை. பள்ளிச் சிறுவரும் முதியோரும் ஒரே வழியில் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே நாள் முழுதும் செல்லலாம். அக்கால்வாய்களுள் புகழ்பெற்றது, துலூசு நகரில் தொடங்கி மத்தியதரைக் கடலை நோக்கி 240 கிலோமீட்டர் செல்லும் ‘மிதி’ கால்வாய். மிதி என்னும் பிரெஞ்சுச் சொல் தென்திசையைக் குறிப்பது. மிதிவண்டிக்கும் அதற்கும் உறவு ஏதும் இல்லை. ஆயினும் தமிழர் காதுக்கு அப்பெயர் இன்று நன்கு பொருந்தியே ஒலிக்கிறது.

அக்கால்வாயைத் தோற்றுவித்தவர் பியேர் போல் ரிக்கே என்பவர். உப்பு வரி தண்டும் பணியில் செல்வம் ஈட்டிய அவர், அச்செல்வத்தின் பெரும்பகுதியைக் கால்வாயில் இட்டார். 1666-இல் பதினான்காம் லூயி மன்னன் ஆணை பிறப்பித்தான். மேட்டு நிலத்தைக் கடக்கும் கால்வாய்க்கு நீர் எங்கிருந்து வரும் என்று பலரும் மலைத்து நின்றபோது, மலை ஓடைகளின் நீரைத் திரட்டி, சேன் பெரெயோல் என்னுமிடத்தில் பெரியதோர் அணையில் தேக்கி, அங்கிருந்து கால்வாயின் உச்சிக்குக் கொணரலாம் என்று ரிக்கே வழி கண்டார். கால்வாய் திறக்கப்பட்டது 1681-இல். அதைக் காண ரிக்கே உயிரோடு இல்லை; முந்திய ஆண்டிலேயே அவர் மறைந்துவிட்டார். அவர் தம் பணியாளர்க்கு மழையால் வேலை நின்ற நாள்களிலும், நோயுற்ற நாள்களிலும் கூலி அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பக்கிங்காம் கால்வாயின் வரலாறு வேறு வகையானது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு பகுதி முதலில் வெட்டப்பட்டது. அதனை வெட்டுவித்த பேசில் காக்ரேனின் பெயராலேயே அது அப்போது வழங்கிற்று. பின்னர் அரசு அதனை ஏற்று வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. நகரின் நடுவே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, அதாவது மயிலாப்பூர் வழியே செல்லும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், 1877–78-இல் பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பசியால் ஊரைவிட்டு வந்தவர்களே மண்வெட்டி பிடித்தனர். அப்பஞ்சக் காலத்தில், 1877-இன் தொடக்கத்தில், சென்னை மாகாண நிவாரணப் பணிகளில் ஆள் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் சிறிது காசுமே போதும் என்று கூலி குறைக்கப்பட்டது. உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று அக்காலத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. கால்வாய்க்கோ அந்நாள் ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் இடப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எவர்க்கும் தெரியாது.

இனி, மிதிவண்டிக்கும் கால்வாய்க் கரைக்கும் உள்ள பொருத்தத்தைக் காண்போம். பிரான்சில் படகுகளைக் குதிரைகள் இழுத்தன. இழுக்கும் குதிரை நடப்பதற்காக நீரோரமாகவே ஒரு பாதை அமைக்கப்பட்டது. நீர் மட்டமாக நிற்குமாதலால் அதன் கரையும் மட்டமாகவே இருத்தல் வேண்டும். நிலம் உயரும் இடத்தில் மதகுக் கதவுகளால் ஆன நீர்ப்படி ஒன்றைக் கட்டிப் படகை மேலேற்றுவர். ஆகவே பாதையும் அவ்விடத்தில் மட்டும் சிறிது ஏறி, மீண்டும் மட்டமாகிவிடும். மிதிவண்டிக்குப் பெரும்பகை மேடு. அம்மேட்டை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே குதிரைகளின் பொருட்டு நீக்கி வைத்துவிட்டனர்! மோட்டார் வண்டி செல்லப் போதிய அகலம் இல்லாமையும் ஒரு நன்மையாய் முடிந்தது.

துலூசிலிருந்து காலையில் புறப்படும் பயணி முதல் 50 கிலோமீட்டர் வரை நன்கு பாவப்பட்ட வழியிலேயே செல்லலாம். நீர்ப்படிகள்தோறும் காவலரின் சிறு வீடு ஒன்று நிற்கும். அதன் சுவரில் அடுத்த நீர்ப்படிக்கு எத்தனை மீட்டர் என்பது பொறிக்கப்பட்டிருக்கும். முன்னர்ப் படகோட்டிக்குப் பயன்பட்ட அவ்வெண்கள் இன்று மிதிவண்டியில் செல்வார்க்குப் பயன்படுகின்றன. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் வழி கரடாகும். சில இடங்களில் மரவேர்கள் குறுக்கே புடைத்து நின்று சக்கரத்தைத் தடுக்கும். ஆதலின் அவ்வழி முழுதும் மலர்ப்படுக்கை என்று எண்ணுதல் தவறு.

அம்மரங்களுக்கும் இன்று இடர் வந்துள்ளது. கரையின் இருபுறமும் ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள் நிழல் தந்து நின்றன. 2006-இல் அவற்றில் ஒருவகைப் பூஞ்சை நோய் காணப்பட்டது. நோய் கண்ட மரத்தை வெட்டி எரிப்பதன்றி வேறு வழியில்லை. பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. அவற்றின் இடத்தில் நோயைத் தாங்கும் வேறு மரங்களை நட்டு வருகின்றனர். அவை வளர்ந்து நிழல் தரும் வரை, நெடுந்தொலைவு வெயிலிலேயே மிதிக்க வேண்டும்.

கால்வாய்க் கரைகளோடு பிரெஞ்சு மக்கள் நிற்கவில்லை. வண்டி ஓடாது கைவிடப்பட்ட இரயில் பாதைகளின் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டு, அவற்றையும் மிதிவண்டி வழிகளாக்கினர். 1997-இல் பர்கண்டிப் பகுதியில் சீவ்ரிக்கும் குளூனிக்கும் இடையே அத்தகைய வழி ஒன்று திறக்கப்பட்டது. ‘பசுவழி’ எனப் பொருள்படும் பெயரை அவற்றிற்கு வழங்கினர். 2004-இல் அந்நாட்டுச் சாலை விதிகளிலும் அப்பெயர் இடம் பெற்றது. பயன் தீர்ந்த பழையதைப் பாழாக விடாமல் புதியதற்கு ஆக்கிக்கொண்ட திறம் இது.

சென்னையின் கால்வாய்க்கும் பயனுள்ள நாள்கள் இருந்தன. விறகும் உப்பும் கிளிஞ்சலும் நெல்லும் படகுகளில் நகருக்கு வந்தன. கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகைச் செலுத்தினர். இங்கே குதிரையின் வேலையை மனிதனே செய்தான். 1934-இல் பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களுடன் இக்கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்றார். ‘மாவலிபுரச் செலவு’ என்னும் அவருடைய பாடல் அப்பயணத்தைப் பற்றியதே. பின்னர் இரயிலும் லாரியும் சரக்கைக் கைப்பற்றின. 1960-களிலும் 1970-களிலும் வீசிய புயல்கள் கரைகளைச் சிதைத்தன. நகரின் கழிவுநீர் கால்வாயில் கலந்தது. இறுதியில் மேம்பால இரயிலுக்கு நிலம் தேடியபோது கால்வாயின் மேலேயே தூண்களை நிறுத்தினர். 1997-இல் திருமயிலை வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் இரயில் ஓடியது. நகரத்திற்கு இரயில் வேண்டியதே. ஆயினும் படகு செல்லும் வழியும் இழுப்போர் நடந்த கரையும் ஒருங்கே மறைந்துபோயின.

இதனிடையே மிதிவண்டிக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்து மிதிவண்டிகளைச் செய்தது. 2001–02 முதல் தமிழக அரசு மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பு பயிலும் அனைவருக்கும் விரிவாக்கியது. வண்டி கிடைக்கிறது; அதனை அச்சமின்றி ஓட்டும் வழியே கிடைக்கவில்லை. அடையாறு, தியாகராய நகர் போன்ற இடங்களில் பிள்ளைகளை மிதிவண்டியில் அனுப்பப் பெற்றோர் தயங்குவது இதனாலேயே.

இக்குறையை உணர்ந்தே சென்னை மாநகராட்சி 2014-இல், நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 விழுக்காடேனும் இவர்களுக்குரிய வசதிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் கூறு. அதே காலத்தில் பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலைகளில் சில மணி நேரம் மோட்டார் வண்டிகளை நிறுத்தி, சிறுவர்க்குச் சாலையைத் திறந்துவிட்டனர். 2019-இல் தியாகராய நகரின் பாண்டி பசாரில் நடைபாதைகள் பெரிதும் அகலமாயின. கொள்கை ஏட்டில் இருப்பதற்கும் தெருவில் இருப்பதற்கும் உள்ள தொலைவு இன்னும் பெரிது. சில மணி நேரம் திறந்த சாலை, கடிகாரம் அடித்ததும் மீண்டும் மோட்டார் வண்டிகளுக்கு உரியதாகிவிடும்.

மயிலாப்பூரிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். துலூசிலிருந்து பாவப்பட்ட வழி முடியும் இடமும் ஏறத்தாழ அத்துணைத் தொலைவே. நகருக்குத் தெற்கே, முட்டுக்காட்டு உப்பங்கழியைக் கடந்து கோவளத்துக்கு அப்பால், கால்வாய் இன்னும் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது; கரையில் பனைகளும் சவுக்குத் தோப்புகளும் நிற்கின்றன. பாரதிதாசனின் படகு மெல்ல ஊர்ந்து சென்ற அத்தொலைவை, மட்டமான கரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துச் செல்லும் மாணவன் ஒருவன், விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் கடந்துவிடுவான்.