‘குரோசஸ் புளூட்பில்ட்’ கேட்கும் முன்

ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்கள் ஹவுஸ்ஆர்ட்ஸ்டிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம் போனதும் கேட்பது: “முழுசாப் பார்த்துவிடுங்கள், குரோசஸ் புளூட்பில்ட்.” ‘பெரிய ரத்தப் படம்’ என்ற பெயர்தான் ஏமாற்றுகிறது. சிறிய புளூட்பில்ட், ஹீமோகுளோபினையும் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எண்ணிக்கையையும் சிவப்பணுவின் சராசரிப் பருமனையும் (எம்சிவி) சொல்லும். பெரியது, வெள்ளையணுக்களைக் கூடுதலாக வகைபிரித்து எண்ணும். அவ்வளவே. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எதுவும் அதில் கிடையாது.

ஆகவே முதல் வேலை, பரிசோதனையின் பெயரைச் சொல்லாமல் உடம்பின் தொல்லையைச் சொல்வது. “களைப்பாக இருக்கிறது, முடி கொட்டுகிறது” என்றால் மருத்துவர் ஃபெரிட்டினும் (இரும்புச் சேமிப்பு) டிஎஸ்ஹெச்சும் (தைராய்டு) எழுதக்கூடும். மருத்துவக் காரணம் இருந்தால் காசு கட்டுவது காப்பீடு. காரணமின்றிக் கேட்டால் அது ‘ஈகல்’ (காப்பீடு ஏற்காத சேவை) பட்டியலில் சேர்ந்து உங்கள் பையிலிருந்து போகும். வைட்டமின் டி-யில் இது அடிக்கடி நடக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே அடிக்கும் வெயில் தோலில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது. கருந்தோலுக்கு இன்னும் கடினம். எலும்பு வலியோ தசைச் சோர்வோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

காரணம் சொல்லாமலே உரிமையாகக் கிடைப்பதும் உண்டு. அரசுக் காப்பீட்டில் இருப்பவருக்கு 35 வயதிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை ‘செக்-அப்’ இலவசம்; 18 முதல் 34 வரை ஒரே ஒருமுறை. 35-க்கு மேல் வெறும்வயிற்றுச் சர்க்கரை, மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல், ஹெச்டிஎல், டிரைகிளிசரைடு பார்ப்பார்கள். 2021 அக்டோபரிலிருந்து ஹெப்படைட்டிஸ் பி, சி-யும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் இளவயதிலேயே, ஒல்லியான உடம்பிலும் வரும். “அப்பாவுக்கு சுகர்” என்ற ஒரு வரியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

‘நுஷ்டெர்ன்’ வரச் சொன்னால் வெறும்வயிறு என்று பொருள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். பால் சேர்க்காத காப்பிகூட வேண்டாம். தைராய்டு மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடலாமா என்று முன்பே கேளுங்கள். முடிக்காக பயோட்டின் விழுங்குகிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தைராய்டு எண்களையே அது புரட்டிப் போடும்.

ரத்தம் எடுக்கும்போது ஒரு வேடிக்கை. ஊரில் ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாய். இங்கே பல இடங்களில் பயன்படும் மோனோவெட் குழாயில் அதற்குச் சிவப்பு மூடி. மாற்றி எடுத்துவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம்.

கவனம் தேவைப்படுவது முடிவுத் தாளில். எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். மேற்கு ஜெர்மனியில் சர்க்கரை மி.கி./டெ.லி. கணக்கு, கிழக்கில் பெரும்பாலும் மில்லிமோல். ஷ்டுட்கார்ட்டிலிருந்து லைப்சிக்குக்குக் குடிபெயர்ந்தவர் தாளில் ஹீமோகுளோபின் 7.5 என்று கண்டால் பதறிப்போவார். அது மில்லிமோல், 1.61-ஆல் பெருக்கினால் நம் 12 வந்துவிடும். சர்க்கரைக்கு 18-ஆல் பெருக்குங்கள்: 7.0 என்பது 126, வெறும்வயிற்றில் சர்க்கரை நோயின் எல்லை. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-க்கு எல்லை 6.5 சதவீதம், தாளில் 48 என்றும் இருக்கலாம். கல்லீரலுக்கு ஜிஓடி, ஜிபிடி என்று இருப்பவை ஊரின் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடிதான். சிறுநீரகத்துக்கு கிரியேட்டினினோடு ஜிஎஃப்ஆர்: மூன்று மாதம் தொடர்ந்து 60-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் விசாரிப்பார். சிஆர்பி அழற்சியைக் காட்டும், எங்கே என்று சொல்லாது.

ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தாலே நோய் என்றில்லை. இயல்பு வரம்பு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரின் எண்கள். மீதி ஐந்து சதவீதத்தினர் நோயின்றியே வெளியே நிற்பார்கள். இருபது பரிசோதனை செய்தால் ஒன்றாவது வரம்பைத் தாண்டும் வாய்ப்பே அதிகம். இணையத்தில் இரவெல்லாம் தேடுவதைவிட மறுபடி எடுக்கச் சொல்வது மேல்.

பிராக்ஸிஸை (கிளினிக்கை) விட்டுக் கிளம்பும் முன் தாளைக் கேட்டு வாங்குங்கள். “கொன்டெ இஷ் பிட்டெ ஐனெ கோப்பி மைனர் லபோர்வெர்டெ ஹாபன்?” என்று கேட்டால் போதும். முதல் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது.

அந்தத் தாளில் எம்சிவி குறைவாக, ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா மரபு இருக்கலாம். இங்குள்ள மருத்துவருக்கு அது முதலில் தோன்றாமல் போகலாம். ஊரில் எடுத்த பழைய தாள்கள் இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பிள்ளைப்பேற்றைத் திட்டமிடும் தம்பதிகள் தலசீமியாவைப் பற்றி இப்போதே கேளுங்கள்.