வாகரைப் பக்கம் கிளம்பிய வெளிச்சம் கடலில் விழுந்துவிட்டதா?

கேள்வி: கல்லடியில் கடற்கரைக்குக் கிட்டவாக இருக்கிறோம். ஒருநாள் விடியப்புறம், சூரியன் வரக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வாகரைப் பக்கமாக வானத்தில் ஒரு வெளிச்சம் கிளம்பியது. பின்னால் வெள்ளையாக வால் விரிந்தது. மேலே மேலே போகும் என்று பார்த்தால், வலப்பக்கம் சரிந்து, கடலுக்கு மேலால் போய், தென்கிழக்கில் இறங்கி மறைந்துவிட்டது. இந்தியாவின் ரொக்கெட் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். அது விழுந்துவிட்டதா? வானத்துக்குப் போக வேண்டியது ஏன் எங்கள் கடல் பக்கம் வருகிறது? மகன் வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போகிறவர். அவருக்கு ஆபத்து ஏதும் உண்டா? குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் வந்தால் இது நின்றுவிடுமா?
— ஒரு வாசகி, கல்லடி

பதில்: அம்மா, நீங்கள் கண்டது இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும். கண்ணுக்கு இறங்குவதுபோலத் தெரிந்த நேரத்திலும் அது ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

கல்லடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் ஏறத்தாழ 680 கிலோமீற்றர், வடக்கிலிருந்து சற்று மேற்காக இருக்கிறது. அதனால்தான் வாகரைப் பக்கம் கிளம்பியதுபோலத் தோன்றியது. இடையில் பூமி வளைந்திருப்பதால் ரொக்கெட் சுமார் 37 கிலோமீற்றர் உயரத்துக்கு வந்த பிறகே உங்கள் அடிவானத்தைத் தாண்டும். ஏவிய முதல் ஒரு நிமிடத்துக்கு மேலான பயணம் கல்லடியில் யாருக்கும் தெரியாது. பிறகு கிழக்குக் கடலுக்கு மேலால் உங்களைக் கடந்து தெற்கே விலகிப் போகிறது. 400 கிலோமீற்றர் உயரத்தில் இருந்தாலும், 1500 கிலோமீற்றர் தள்ளிப் போய்விட்டால் அடிவானத்தோடு ஒட்டினாற்போலத்தான் தெரியும். வால் வெள்ளையாக விரிந்ததற்குக் காரணம், கீழே நமக்கு இருட்டாக இருக்கும்போதே அந்த உயரத்தில் வெயில் பட்டுவிடுவதுதான். காற்று இல்லாத இடத்தில் எஞ்சின் புகை பல கிலோமீற்றர் அகலத்துக்குப் பரவும்.

நீங்கள் நாளைச் சொல்லவில்லை. ஆனால் 'விடியப்புறம்' என்று சொன்னதே எனக்கு நல்ல துப்பு. 2012 ஏப்ரல் 26 அன்று ரிசாட்-1 காலை 5.47 மணிக்கு ஏவப்பட்டது. 2022 பெப்ரவரி 14 அன்று இ.ஓ.எஸ்.-04, 2025 மே 18 அன்று இ.ஓ.எஸ்.-09, இரண்டும் 5.59 மணிக்கு. மூன்றும் ராடர் செய்மதிகள். ராடருக்கு மின்சாரம் நிறைய வேண்டும், சூரியத் தகடுகள் எந்நேரமும் வெயிலில் இருக்க வேண்டும். ஆகவே பூமியின் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின் மேலேயே சுற்றும்படி அவற்றை விடுகிறார்கள். அந்தக் கோடு ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மேலே வரும் நேரம் அதிகாலை ஆறு மணி. அந்த நேரத்தில் ஏவினால்தான் அந்தப் பாதை கிடைக்கும்.

இனி, மேலே போகாமல் ஏன் சரிந்தது என்ற கேள்வி. உயரம் போவது ரொக்கெட்டின் வேலையில் சிறிய பங்கு. பெரிய பங்கு கிடையாக எடுக்கும் வேகம். 500 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி செக்கனுக்கு 7.6 கிலோமீற்றர் ஓட வேண்டும். நமது மட்டக்களப்பு வாவியின் 56 கிலோமீற்றர் நீளத்தை ஏழு செக்கனில் கடக்கும் வேகம் அது. அங்கேயும் புவியீர்ப்பு இருக்கிறது, தரையில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்த ஒரு செக்கனில் செய்மதி 4.2 மீற்றர் கீழே விழுகிறது. ஆனால் அதே 7.6 கிலோமீற்றரில் பூமியின் வளைவும் 4.2 மீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. விழுகிறது, ஆனால் நிலம் கிட்ட வருவதில்லை. 95 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

வேகம் கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஓகஸ்ட் 7 அன்று பறந்த முதல் எஸ்.எஸ்.எல்.வி. ரொக்கெட்டைப் பாருங்கள். 356 கிலோமீற்றர் வட்டப் பாதையில் விட வேண்டிய செய்மதிகளை, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீற்றர் என்று நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. 76 கிலோமீற்றரில் காற்று இருக்கிறது. செய்மதிகள் அந்தப் பக்கம் வந்தவுடனே கதை முடிந்தது. உயரத்தில் ஒரு குறையும் இல்லை. வேகத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. நீங்கள் பார்த்தது 2025 மே மாதத்து ரொக்கெட்டாக இருந்தால் மட்டும் 'விழுந்துவிட்டதா' என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அன்று மூன்றாம் கட்ட எஞ்சினில் அழுத்தம் குறைந்து, வேகம் சேராமல், இ.ஓ.எஸ்.-09 சுற்றுப்பாதைக்குப் போகவில்லை.

இலங்கையின் இராவணா-1 செய்மதியின் கதை இதற்கு நேர்மாறு. பத்து சென்ரிமீற்றர் கனச்சதுரம், ஒரு கிலோ அளவு எடை. 2019 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து சரக்கோடு சரக்காக விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 அன்று அங்கிருந்து வெளியே தள்ளிவிடப்பட்டது. தனியாக ஒரு ரொக்கெட் அதற்குத் தேவைப்படவில்லை. நிலையத்தின் வேகம் ஏற்கெனவே அதனிடமும் இருந்தது.

காற்றே இல்லாத இடத்தில் ரொக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று பிள்ளைகள் அடுத்ததாகக் கேட்பார்கள். வாவியில் தோணியில் நின்று ஒரு கருங்கல்லைப் பின்னால் ஓங்கி எறிந்தால் தோணி முன்னே நகரும். கல் எதன் மீதும் மோத வேண்டியதில்லை. ரொக்கெட் எறிவது கல்லுக்குப் பதிலாகச் சூடான வாயு, செக்கனுக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் வேகத்தில். ஒட்சிசனைத் தரும் பொருளையும் கூடவே கொண்டுபோவதால் எரிவதற்குக் காற்றும் வேண்டாம். பி.எஸ்.எல்.வி.யில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் மட்டும் 138 தொன் திண்ம எரிபொருள், இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடும். இரண்டாவதில் விகாஸ் என்ற திரவ எஞ்சின், மூன்றாவது மறுபடி திண்மம். நான்காவதில் சிறிய இரண்டு திரவ எஞ்சின்கள் நிதானமாக எரிந்து கடைசி வேகத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும். தீர்ந்த கூட்டைச் சுமந்துகொண்டு போவது வீண் என்பதால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுகிறார்கள். ஏவியதிலிருந்து செய்மதியை விடும் வரை 18 நிமிடம் அளவுதான்.

உங்கள் கடல் பக்கம் வருவதற்குக் காரணம் நாம்தான், அதாவது இந்தத் தீவு. ராடர் செய்மதி, நிலத்தைப் படமெடுக்கும் செய்மதி எல்லாம் துருவத்துக்குத் துருவம் சுற்ற வேண்டியவை. அதற்கு நேர் தெற்கே ஏவுவதுதான் சிக்கனம். ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் முதலில் சென்னை, பிறகு யாழ்ப்பாணக் குடாநாடு, வன்னி என்று ஆட்கள் குடியிருக்கும் இடமாகவே வரும். ஆகவே வடக்கிலிருந்து 140 பாகையில், தென்கிழக்காக ஏவி, வங்கக் கடலின் மேலே தெற்கு நோக்கித் திருப்புகிறார்கள். நீங்கள் கண்ட அந்தச் சரிவில் இந்தத் திருப்பமும் சேர்ந்திருக்கலாம்.

எப்போது திருப்புவது என்பதில்தான் சூட்சுமம். ரொக்கெட் இப்போது எங்கே இருக்கிறது என்பதைவிட, இந்தக் கணத்தில் எஞ்சின் நின்றால் எங்கே போய் விழும் என்பதையே கட்டுப்பாட்டு அறையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேகம் ஏற ஏற அந்த விழும் புள்ளி ரொக்கெட்டை விட்டு நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில் கிலோமீற்றர் முன்னால் ஓடும். அந்தப் புள்ளி இலங்கைக் கரையைத் தொடக்கூடாது. நம் தீவு கிழக்கே அதிகம் துருத்திக்கொண்டிருப்பது பொத்துவிலுக்குக் கிட்ட உள்ள சங்கமன்கண்டி முனையில். மட்டக்களப்பும் அம்பாறையும்தான் அந்தப் பாதைக்கு வேலி. அவசரப்பட்டுத் திருப்பினால் புள்ளி நம் மேல் ஏறும். ஆறுதலாகத் திருப்பலாம் என்றால் வேகம் கூடிவிடும், கூடிய வேகத்தைத் திருப்புவது மிகவும் செலவு. சுற்றுப்பாதை வேகத்தில் ஓடும் ஒன்றைப் பத்துப் பாகை திருப்ப மட்டும் செக்கனுக்கு 1.3 கிலோமீற்றர் அளவு கூடுதல் வேகத்துக்கான எரிபொருள் வேண்டும். பி.எஸ்.எல்.வி. 600 கிலோமீற்றர் துருவப் பாதைக்குச் சுமப்பது 1750 கிலோ. இந்த வளைவு இல்லாவிட்டால் இன்னும் கூடச் சுமக்கும்.

மகனைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். முதல் கட்டத்தின் கூடு வங்கக் கடலில் விழுகிறது. ஏவுவதற்கு முன் விழும் இடங்களைக் குறித்துக் கடல்வழி எச்சரிக்கை விடுவார்கள். நம் கடலும் அடங்கிய பிராந்தியத்துக்கு அந்த எச்சரிக்கைகளை ஒருங்கிணைப்பதும் இந்தியாதான். பலநாள் படகில் போகிறவர்கள் புறப்படும் முன் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பின்னைய கட்டங்கள் நம்மைத் தாண்டி வெகு தூரம் போய் விழும். 2023 ஜூலையில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கிறீன் ஹெட் கடற்கரையில் ஒரு பெரிய உருளை ஒதுங்கியது. அது பெரும்பாலும் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டமே என்று அந்நாட்டு விண்வெளி முகவரகம் அறிவித்தது. மிதக்கும் உருளை, கருகிய பொருள் எதுவும் மகனின் வலையில் பட்டால் தொடாமல் கடற்படைக்கோ பொலிசுக்கோ சொல்லச் சொல்லுங்கள். உள்ளே மிச்சம் இருக்கக்கூடிய எரிபொருள் நஞ்சு.

குலசேகரப்பட்டினத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். தூத்துக்குடிக் கரையிலிருந்து தெற்கே பார்த்தால் இந்து சமுத்திரம்தான், வளைய வேண்டிய தேவையே இல்லை. 500 கிலோ அளவே சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்த வளைவு கட்டுப்படியாகாது. அந்தச் சின்ன ரொக்கெட்டுக்காகத்தான் அந்த இடம். அங்கிருந்து போவதை மன்னார், புத்தளம், கொழும்புப் பக்கத்து ஆட்கள் பார்ப்பார்கள். பெரிய பி.எஸ்.எல்.வி. தொடர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பும், உங்கள் கடலுக்கு மேலாலேயே போகும். அடுத்த முறை அதிகாலை ஏவுதல் என்று செய்தி வந்தால், சொன்ன நேரத்திலிருந்து ஒன்றரை நிமிடம் கழித்து வடக்கே, சற்று இடப்பக்கமாகப் பாருங்கள்.