இரண்டு பெட்டி, இரண்டு கடிகாரம்

கேள்வி: தெருக்கூத்துப் பாட்டை வீட்டில் பதிவு செய்கிறோம். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, குரல் என்று நான்கு மைக். இரண்டு மைக் போடும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னிடம் ஒன்று, விழுப்புரம் நண்பரிடம் ஒன்று. சேர்த்துப் போடலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: போடலாம். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனிக் கடிகாரம். இரண்டுக்கும் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் என்றாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லி விநாடி விலகும். மிருதங்கம் ஒரு பக்கம், முகவீணை ஒரு பக்கம். விடிய விடிய நடக்கும் கூத்தென்றால் கேட்கவே வேண்டாம்!

மேக்கில் 'அக்ரிகேட் டிவைஸ்' அமைத்து, 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' டிக் செய்தால் சமாளிக்கலாம். விண்டோஸில் ரெக்கார்டிங் மென்பொருள்கள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே ஏஎஸ்ஐஓ ஆடியோ டிரைவரைத்தான் ஏற்கும்; அதனால் இரண்டு பெட்டியைச் சேர்ப்பது கடினம். என்னைக் கேட்டால், உங்களுடையதை விற்றுவிட்டு நான்கு மைக் போடும் ஒரே பெட்டியை வாங்குங்கள். அட்டையில் '4 இன்புட்' என்றிருந்தால் நம்பிவிடாதீர்கள். மைக் துளைகளை எண்ணிப் பாருங்கள், பலவற்றில் இரண்டுதான் இருக்கும்.