காவல் நாயும் மிருக வைத்தியரும்

மரக்கறித் தோட்டத்தைக் காக்கும் நாய்க்குச் செலவு செய்யக் கமக்காரர் பலர் தயங்குவர். ஆயின் விசர்நோயின் குறிகள் தோன்றியபின் அதற்கு மருந்தில்லை. நாய் இறப்பதோடு, அது கடித்த பிள்ளையின் உயிருக்கும் ஆபத்து நேரும். ஆதலால் ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுவித்து, அட்டையைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

வைத்தியரைத் தெரிவுசெய்யுங்கால், 1956ஆம் ஆண்டின் மிருக வைத்தியர் சட்டப்படி பதிவு பெற்றவரா என முதலில் விசாரித்தறிக. அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தை நாடுவது நன்று. தூரத்து வைத்தியரை அழைக்கும் வாகனக் கூலி சிலவேளை மருந்தின் விலையையும் விஞ்சிவிடும். சிகிச்சைக்கு முன் கட்டணத்தைக் கேட்பதில் வெட்கமில்லை. எருமைக்கு வாங்கி மிஞ்சிய மருந்தை நாய்க்குக் கொடுத்துப் பணம் மிச்சம்பிடிப்போரும் உளர், அது பெருந்தவறு. அயலவர் சேர்ந்து ஒரே நாளில் வைத்தியரை அழைப்பின், போக்குவரத்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.